மூன்று மூன்றாக ஏறும் முழங்கால்

மார்ச் 3

தம்பிக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே. எடுத்தால் கத்துவேன். நான் கத்தினால் பக்கத்துக் கட்டில் கண்டக்டர் அம்மா விசில் ஊதுகிறாள். முப்பது வருடம் பஸ்ஸில் ஊதிய விசில். இங்கேயும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். காகிதத்தில் கத்த முடியாது. அதனால் காகிதம்.

இது மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள விடுதி. தரைத்தளம். இங்கே இருக்கும் எல்லோருக்கும் முழங்கால்தான். இரண்டு கட்டில், இரண்டு வாக்கர், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் திரும்பும் இடம்.

நேற்றுத் தையல் பிரித்தார்கள். எண்ணினேன். இருபத்தாறு. தையல்கூட இல்லை, கம்பிப் பின். பேண்ட்டில் இப்படிப் போட்டுக் கொடுத்தால் ஆள் முகத்தில் விட்டெறிந்துவிட்டுப் போவார்.

நீ டாக்டரிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. அவர் என்னைத்தான் கேட்டார்: “வீட்ல மாடி இருக்காம்மா?” நான் வாய் திறப்பதற்குள் நீ. “இனிமே மாடிக்குப் போக மாட்டாங்க டாக்டர். கீழயே ரூம் ஒழிச்சாச்சு.” எனக்கே அப்போதுதான் தெரியும். இடது காலைத்தான் அறுத்தார்கள். நாக்கை இல்லை.

பேச்சு பேச்சாக இருக்கட்டும். மறுபடி எழுதுகிறேன். படி ஏற முழங்கால் தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும், பத்திரமாக இறங்க நூறு என்றார் டாக்டர். ஆறாவது வாரம், ஏப்ரல் 2, நூறு வந்தால் மூன்றாம் மாடியில் என் வீட்டுக்கு. வராவிட்டால் கீழே உன் வீட்டு முன்னறைக்கு. நீயும் தலையாட்டினாய்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு நான் வைத்த பெயர் இன்னும்கொஞ்சம். “இன்னும் கொஞ்சம்மா… இன்னும் கொஞ்சம்…” உயிர் போகும்போதும் அதையே சொல்வாள் போலிருக்கிறது. அவள் சனிக்கிழமை மட்டும் கருவி வைத்து அளப்பாள். மற்ற நாள் நாங்களே மூன்று வேளை செய்து, எவ்வளவு மடங்கியது என்று அட்டவணையில் எழுத வேண்டும். வாரம் ஒரு முறை அதைப் பிரதி எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நீ கேட்டதற்காக இல்லை. பின்னால் நீ பேச்சு மாறாமல் இருக்க.

குடும்பத்தினருக்கு என்று ஒரு பயிற்சித் தாளும் கொடுத்தார்கள். படம் போட்டிருக்கும். இணைத்திருக்கிறேன். அக்கா சும்மா படுத்துக் கிடக்கிறாள் என்று வீட்டில் சொல்லாதே.

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்று. துணி வெட்டும் மேசையைத் தொடாதே.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

கடிதமும் அட்டவணையும் கிடைத்தன.

முன்னறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. கழிவறையில் உயரமான இருக்கை போட்டிருக்கிறேன், பிடித்து எழ ஒரு கம்பியும். ஜன்னல் தெருவைப் பார்த்தது. உனக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்.

தையல் மெஷினைக் கீழே இறக்க இரண்டு ஆட்களிடம் பேசி வைத்திருக்கிறேன். பேசித்தான் வைத்திருக்கிறேன். இந்த வாரம் இரண்டு மூட்டைத் துணி வந்தது. வந்தவர்களிடம் ஏப்ரலுக்குப் பிறகு கீழேயே கொடுத்து வாங்கலாம் என்று சொன்னேன். அவர்களுக்கும் சௌகரியம்.

பத்தொன்பது வருடம் உன் மூட்டையை நான்தான் காலையும் மாலையும் மேலே ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஐம்பத்து நான்கு படி. நீ ஒரு முறையும் எண்ணியிருக்க மாட்டாய்.

பயிற்சியை விடாதே.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

மெஷினில் கை வைக்காதே.

என் வாடிக்கையாளர்களிடம் நான் பேசிக்கொள்வேன்.

ஒரு விஷயம். வந்த நாளிலிருந்து இன்னும்கொஞ்சத்திடம் மாடியைப் பற்றி மூச்சு விடவில்லை. நேற்று அவளாகவே கேட்கிறாள்: “மூணாவது மாடியாமேம்மா? லிஃப்ட்டும் இல்லையாமே?” யார் சொன்னது என்றேன். வாக்கரின் ரப்பர் தேய்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். வாக்கர் புதியது.

இந்த மருத்துவமனையைக் காட்டியது நீ. இந்த விடுதியைப் பேசியது நீ. உன் மகனுக்கு ஜூனில் கல்யாணம். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பக்கம் நிறையவில்லை, ஆனால் படிக்க முடிகிறது.

அட்டவணை இணைப்பு.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன்.

முப்பத்திரண்டு வருடம் தண்ணீர் மீட்டர் பார்த்தவன். கடைசிப் பத்து வருடம் மற்றவர்கள் எடுத்துவந்த ரீடிங்கைச் சரிபார்த்தவன். வீட்டு வாசலில் நின்று பார்த்த எண்ணும், டீக்கடையில் உட்கார்ந்து எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்காது. முள்ளைப் பார்ப்பவன் அருகில் இருக்கும் கோட்டைப் படிப்பான். எண்பது. எண்பத்தைந்து. கற்பனையாக எழுதுபவன்தான் முழு எண்ணுக்குப் பயப்படுவான். எழுபத்தாறு என்று போட்டால் பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைப்பான்.

உன் அட்டவணை: 73, 73, 76. 76, 73, 76. 79, 76, 79. 79, 79, 82.

மூன்று மூன்றாகத்தான் ஏறுகிறது, மூன்று மூன்றாகத்தான் இறங்குகிறது. முழங்கால் வாய்ப்பாடு படிக்கிறதா?

மார்ச் 8 முதல் 11 வரை நான்கு நாள் மட்டும் நாளுக்கு ஒரே எண்ணாக 80, 80, 85, 85 என்று இருக்கிறது. அந்த நான்கு நாள்தான் நீ உண்மையில் அளந்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. மற்றதை இன்ஸ்பெக்டர் பழக்கத்தில் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

நான் குற்றம் சொல்லவில்லை. வலிக்கும். செய்ய முடியாமல் இருக்கலாம். சொல்லிவிட்டால் போதும். பொய்யான நூறோடு படியில் ஏறி விழுந்தால் என்ன செய்வது?

உன் படிக்கும் கண்ணாடியை அனுப்பியிருக்கிறேன். கூடவே என் பேண்ட் இரண்டு. அடியில் அரை அங்குலம் குறைக்க வேண்டும். அவசரமில்லை. கை சும்மா இருந்தால் உனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

தம்பி


மார்ச் 19

மீட்டர் இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

தங்கள் ஆய்வுக்கு நன்றி.

விளக்கம் தர மாட்டேன். என் முழங்காலை நான் எப்படி அளந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டிய நிலைமை வந்தால், அன்றைக்கே முன்னறைக்கு வந்து படுத்துக்கொள்வேன். இனி அட்டவணையும் வராது. ஏப்ரல் 2 அன்று கருவியில் வரும் எண் மட்டும் வரும்.

நீ என் எண்ணைப் பார். நான் என் கதவைப் பார்க்கிறேன்.

இரண்டாம் மாடி டீச்சர் போன் செய்தார். என்னைப் பற்றி விசாரித்துவிட்டுக் கடைசியில், சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்து: “உங்க வீட்ல ஏதாவது வேலை நடக்குதாக்கா? தினம் ரெண்டு தடவை கதவு திறக்குது. எதையோ இழுக்கிற சத்தம். அப்புறம் அரை மணி நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் மறுபடி இழுக்கிற சத்தம்.”

இரண்டு தொட்டிச் செடிக்கு அரை மணி நேரமா? செடிக்குத் தண்ணீர் ஊற்ற எதை இழுக்க வேண்டும்?

அளந்து பார்க்கிறாய். உன் மகனின் கட்டில் எந்தச் சுவரில் வரும் என்று. வெட்டும் மேசையை எந்தப் பக்கம் சாய்த்தால் கதவு வழியே போகும் என்று. சொல்லிவிடுகிறேன்: போகாது. அந்த மேசையை வீட்டுக்குள் வைத்துத்தான் பொருத்தினார்கள். கால்களைக் கழற்ற வேண்டும். என் காலைக் கழற்றிய மாதிரி.

கண்டக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “டிக்கெட் எடுக்காதவன்தான் அடுத்தவன்கிட்ட டிக்கெட் எடுத்தியான்னு கேப்பான்” என்றாள். “உன் தம்பி எங்கயோ டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கான்.”

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

மேலே போகிறேன். உண்மை. நாற்காலியை நகர்த்தினேன். அதுவும் உண்மை. மேசையைத் தொடவில்லை.

டீச்சருக்கு வேறு வேலை இல்லை.

தம்பி


மார்ச் 23

அக்காவுக்கு,

முந்தைய கடிதத்துக்கு நீ பதில் எழுதுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

உன் பயிற்சிப் பெண்ணுக்கு நேற்று போன் செய்தேன். நேற்று மட்டும் இல்லை. நீ அங்கே சேர்ந்ததிலிருந்து வாரம் ஒரு முறை. மாடி விஷயத்தை நான்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு வழி தெரியவில்லை.

நேற்று நேராகவே கேட்டேன், அக்கா எண்ணை எப்படி எழுதுகிறார் என்று. அந்தப் பெண் சிரித்தாள். “அவங்கதான் டேப் வெச்சு அளக்கறாங்களே சார். உங்களுக்குத் தெரியாதா?”

நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையோடு பின்னால் இழுத்து, நாற்காலிக் காலிலிருந்து குதிகால் வரை தையல் டேப். முதல் சனிக்கிழமை கருவியில் வந்த டிகிரிக்குப் பக்கத்தில் அன்றைய அங்குலத்தைக் குறித்துக்கொண்டாயாம். அடுத்த சனிக்கிழமையும். பிறகு நீயே பேப்பரில் ஒரு கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாயாம். அரை அங்குலத்துக்கு மூன்று டிகிரி.

அதனால்தான் மூன்று மூன்றாக.

உன்னால் ஒரே வரியில் சொல்லியிருக்க முடியும். நீ சொல்லவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. சிவப்பு வட்டங்களை அழித்துவிட்டேன்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

உன் மன்னிப்பை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். பிறகு பார்க்கலாம்.

உன் பேண்ட் இரண்டும் பத்து நாளாகக் கட்டிலின் கால்மாட்டில் கிடந்தன. தொடவில்லை. கோபம். நேற்று மதியம் பயிற்சி முடிந்து, காலுக்கு ஐஸ் பை வைத்துக்கொண்டு சும்மா கிடந்தேன். கை போய் எடுத்தது.

நாற்பது வருடமாக அடுத்தவர் உடுப்பைப் பிரித்துத் தைக்கிறவள். துணியைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் ஒன்று சொல்வார்கள், துணி ஒன்று சொல்லும். “வெயிட்டே போடல, துணிதான் சுருங்கிடுச்சு” என்பார்கள். நான் சரி என்று இடுப்பைப் பிரித்துவிடுவேன்.

சாம்பல் நிறப் பேண்ட். இடது முட்டி தள்ளியிருக்கிறது, மண்வெட்டி முதுகு மாதிரி. நியாயம், உன் வயதுக்கு எல்லோருக்கும் அப்படித்தான். வலது முட்டியில் இஸ்திரி மடிப்பு அப்படியே நிற்கிறது. கலையவே இல்லை. நேற்று வாங்கிய பேண்ட் மாதிரி. ஒரு காலை மடக்குகிறாய், இன்னொன்றை மடக்குவதே இல்லை.

வலது தொடையில், முட்டிக்கு ஒரு சாண் மேலே, துணி பளபளக்கிறது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன். என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்துகிறது. உன் கை என் கையைவிடப் பெரியதில்லை. படி ஏறும்போது கையால் தொடையை அழுத்தி எழுகிறாய். ஒரு நாள் இரண்டு நாளில் துணி இப்படித் தேயாது. ஒரு வருடம் இருக்கும். இரண்டுகூட இருக்கும்.

வலது காலின் கீழ் விளிம்பு, முன்பக்கம், கிழிந்து நூல் தொங்குகிறது. கால் விரல் படி விளிம்பில் இடிக்கிறது. நீளம் அதிகமென்று நினைத்திருக்கிறாய். அரை அங்குலம் குறைக்கச் சொல்கிறாய். நீளம் சரியாகத்தான் இருக்கிறது. உன் கால்தான் உயரவில்லை.

பழுப்புப் பேண்ட்டில் தைலக் கறை. துவைத்தும் போகவில்லை.

சரிபார்க்கத் தெரிந்தவன் நீ. சரிபார்க்கக் கொடுக்கக் கூடாததை நீயே பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறாய். டாக்டரிடம் போனாயா? என்ன சொன்னார்? எவ்வளவு நாளாக?

இன்னொன்று. மேலே என் வீட்டில் எதை இழுத்தாய்? இப்போது சொல். ஒரு வரி போதும். விளக்கம் கேட்கிறேன், ஆமாம். நான் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதை உன்னிடம் கேட்கிறேன். அக்காவாகப் பிறந்ததில் அது ஒன்றுதான் லாபம்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

நாற்காலி.

அதை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்காருவேன். நீ அனுப்பிய தாளில் உள்ள பயிற்சி. குதிகாலைப் பின்னால் இழுப்பது. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது. முடிந்ததும் நாற்காலியைத் திரும்ப அதே இடத்தில்.

கீழே செய்ய முடியாது. மனைவிக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் மகனுக்கு. அவன் கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று தொடங்குவான்.

பதினெட்டு மாதம். டாக்டர் உனக்குச் சொன்னதையேதான் எனக்கும் சொன்னார். முழங்காலை மாற்ற வேண்டும். அதற்கு முன் பயிற்சி செய்து தசையைத் தேற்றிக்கொள், பிறகு பார்க்கலாம் என்றார். உன்னை அவரிடம் அனுப்பியது அதனால்தான். முதலில் எனக்காகப் போய்ப் பார்த்த டாக்டர் அவர்.

முப்பத்தொன்றாவது படி வரை பரவாயில்லை. அதற்குப் பிறகு கை வேண்டும். போன மழைக்காலத்தில் உன் மூட்டையோடு அங்கே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே வந்ததும் “ஏன் இவ்வளவு நேரம்?” என்று நீ கேட்டாய். பால்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்றேன்.

நீ கீழே வந்துவிட்டால் நான் ஏற வேண்டாம். அவ்வளவுதான். உன் முழங்கால் எனக்கு ஒரு காரணமாகக் கிடைத்தது. என் முழங்காலைச் சொல்ல வேண்டியதில்லாமல் போயிற்று.

மகன் விஷயம். நீ நினைத்தது முழுத் தப்பில்லை. “அத்தை கீழ வந்துட்டா மேல நாங்க இருந்துக்கலாமாப்பா?” என்று கேட்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையாட்டினேனா என்று நினைவில்லை. ஆட்டியிருப்பேன்.

அட்டவணை. அதே தாளைப் பார்த்து நானும் தினம் இரண்டு வேளை செய்தேன். ஒரு விரற்கடை நகரவில்லை. அறுத்துத் தைத்த உன் கால் மூன்று மூன்றாக ஏறுகிறது. பொறாமை என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அதனால் பொய் என்று உன்னிடம் சொன்னேன்.

டீச்சர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

இன்று அளந்தார்கள்.

காலையில் நானே டேப் வைத்துப் பார்த்தேன். என் கணக்குப்படி நூறு. சரியாக நூறு. கண்டக்டர் அம்மா இரண்டு விசில் ஊதினாள். பத்து மணிக்கு இன்னும்கொஞ்சம் கருவியோடு வந்தாள். என் காலை அவள் பிடித்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

தொண்ணூற்றெட்டு.

“இன்னும் கொஞ்சம்” என்றேன். நான் சொன்னேன், அவள் இல்லை. அவள் மறுபடி அளந்தாள். தொண்ணூற்றெட்டு.

டேப்பில் வந்ததை எழுதி அனுப்பலாம் என்று மதியம் வரை நினைத்தேன். அது பொய்யில்லை. நான் அளந்ததுதான். பேனாவைக்கூட எடுத்தேன்.

ஆனால் ஒரு பொய் ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது. உனக்குத் தெரியாது. மார்ச் 8 முதல் 11 வரை 80, 80, 85, 85. நீ உண்மை என்று நம்பிய நான்கு நாள். அந்த நான்கு நாளும் நான் எழுந்திருக்கவில்லை. மெஷினை இறக்க ஆள் பேசியிருக்கிறேன் என்று நீ எழுதிய கடிதம் எட்டாம் தேதி காலை வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். எதற்காக மடக்க வேண்டும்? பயிற்சிப் பெண் வந்தால் வயிற்று வலி என்றேன். எண்கள் கண்டக்டர் அம்மாவின் அட்டவணையிலிருந்து எடுத்தவை. அவள் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதுகிறவள். முழு எண் அவளுடையது.

அந்த வாரம் கால் இறுகிவிட்டது. சனிக்கிழமை வந்து பார்த்தவள் இதை மட்டும்தான் சொன்னாள்: “நாலு நாள் விட்டா பத்து நாள் பின்னால போகும்மா.” இன்று குறைந்த இரண்டு டிகிரி அங்கேதான் போயிற்று. உன் கடிதத்தால் என்று சொல்லலாம். கடிதம் காலை மடக்காது, நீட்டாது. நான்தான் விட்டேன்.

ஆகவே 98. ஒப்பந்தம் 100. முன்னறையில் கம்பி எந்தப் பக்கம் போட்டிருக்கிறாய் என்று எழுது. எனக்கு வலது கை பலம்.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

மீட்டரைச் சோதிக்கும் மேசை ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருந்தது. நூறு லிட்டர் ஊற்றுவோம். மீட்டர் தொண்ணூற்றெட்டு காட்டினாலும் சரி, நூற்றிரண்டு காட்டினாலும் சரி, “பழுதில்லை” என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவோம். இரண்டு வரை கருவியின் தவறு. அதற்குமேல் போனால்தான் வீட்டுக்காரரின் தவறு.

முப்பத்திரண்டு வருடம் நான் குத்திய முத்திரை. உனக்கு ஒன்று குத்தினால் அலுவலகம் இடிந்துவிடாது.

மெஷின் ஆட்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகனிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்திருக்கிறான். முகம் தூக்கி வைத்திருக்கிறான். இறங்கிவிடும்.

நீ எழுதியதில் ஒன்றுதான் தூங்கவிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது.

மூட்டைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. முப்பத்தொன்று வரை நான் கொண்டுவருவேன். மீதி இருபத்து மூன்று யார்?

தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

இது மேலிருந்து.

கூப்பிட்டால் உனக்குக் கேட்கும். ஆனாலும் எழுதிப் பழகிவிட்டது. பேசினால் நீ முதலில் குறுக்கே பேசுவாய், பிறகு நான்.

ஐம்பத்து நான்கு. இப்போது எண்ணிவிட்டேன். நல்ல கால் முதலில் மேலே, கெட்ட கால் பின்னால். இறங்கும்போது கெட்ட கால் முதலில். நாற்பது நிமிடம். டீச்சர் இரண்டாம் மாடியில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எல்லாவற்றையும் விசாரிப்பார். முப்பத்தொன்றாவது படியில் திரும்பிப் பார்த்தேன். நீ கீழே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து. ஏறி வரவில்லை. பின்னாலேயே வருவாய் என்று பயந்துகொண்டிருந்தேன்.

வீட்டில் நாற்காலி சுவரோரம்தான் இருந்தது. இந்த முறை திரும்ப வைக்க மறந்துவிட்டாய். தரையில் குதிகால் இழுத்த தடம். அதைத் துடைக்கவில்லை.

இப்போது ஜன்னலுக்கு வெளியே பார். கயிற்றில் தொங்குவது கண்டக்டர் அம்மாவின் தோல்பை. விடுதியை விட்டுக் கிளம்பும்போது கொடுத்தாள். வாரை நான் மாற்றித் தைத்திருக்கிறேன். பத்துக் கிலோ தாங்கும். விசிலும் கொடுத்தாள். நான் ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் கயிற்றை இழு. மூட்டை இனி அப்படித்தான் வரும். இருபத்து மூன்று படிக்கு ஆள் தேட வேண்டாம்.

பைக்குள் உன் இரண்டு பேண்ட். நீளம் குறைக்கவில்லை. வலது முட்டிக்கு உள்பக்கத் தையலைப் பிரித்து ஒரு துண்டு சேர்த்திருக்கிறேன். இனி மடக்குவதற்குத் துணி தடையில்லை. உன் மனைவி துவைக்கும்போது அதைப் பார்ப்பாள். அவளுக்கும் கண் இருக்கிறது. அவள் கேட்பதற்குமுன் நீ சொல்லிவிடு.

பேண்ட்டுக்கு அடியில் என் டேப். விடுதிச் சுவரிலிருந்து கிழித்து வந்த கணக்குத் தாள். புதிய அட்டவணை ஒன்று. உன் கால் வேறு, என் கணக்கு அப்படியே சரியாக வராது. இரண்டு வரை தவறு என்று வைத்துக்கொள்.

தினம் மூன்று வேளை. ஒவ்வொரு சாயங்காலமும் பையில் போட்டு அனுப்பு. நான் படிப்பேன். நீ என்னைப் படித்த மாதிரியே படிப்பேன்.

அக்கா


ஏப்ரல் 14, மாலை

அக்காவுக்கு,

கீழேயே செய்தேன். முன்னறையில். மனைவி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிறையச் சொன்னாள்.

காலை 88.
மதியம் 88.
மாலை 91.

மூன்றுதான் ஏறியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் இறங்கி வந்து அளந்து பார்.

தம்பி